புரையேறினால் யாரோ நினைக்கிறாங்களா?

சாப்பிடும்போது புரையேறினால், "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டுவோம். பக்கவாதம் வந்து வீடு திரும்பிய எங்கள் அப்பத்தாவுக்கு, காபி குடிக்கும்போதெல்லாம் புரையேறியது. "பேரன்தான் நினைக்கிறான்" என்றார் அத்தை. போனில் நானும் சிரித்தேன். பத்தாவது நாள் காய்ச்சல், மூச்சுத்திணறல். நிமோனியா! உணவுக்குழாய்க்குப் போகவேண்டிய காபி, கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கியிருக்கிறது.

காய்ச்சல் தணிந்ததும் அப்பத்தாவைப் பரிசோதிக்க வந்தவர் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சுப் பயிற்சி தருபவருக்கு இங்கே என்ன வேலை என்றுதான் நினைத்தேன். பேசவும் விழுங்கவும் அதே நாக்கு, அதே தொண்டைதானே!

அவர் முதலில் கேட்டது, "தண்ணி குடிச்சா கஷ்டமா, சோறு சாப்பிட்டா கஷ்டமா?" முதலில் கெட்டியான உணவு மட்டும் சிக்கி, போகப்போக தண்ணீரும் இறங்கவில்லை என்றால் உணவுக்குழாயில் அடைப்பு இருக்கலாம். தண்ணீருக்கே புரையேறினால் நரம்பு, தசைக் கோளாறாக இருக்கலாம். பக்கவாதம், பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு இப்படி வரும். எடை குறைந்ததா, சாப்பிட எவ்வளவு நேரமாகிறது என்றும் விசாரித்தார்.

பிறகு நாக்கை நீட்டச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார், இருமச் சொன்னார். நேராக உட்காரவைத்து, தொண்டையில் விரல் வைத்தபடி ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார். விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்புகிறதா என்று பார்க்கிறாராம். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் பிறகு "ஆ சொல்லுங்க பாட்டி" என்றார். மூன்றாவது ஸ்பூனில் இருமலே இல்லை. எனக்கு நிம்மதி. ஆனால், அந்த 'ஆ' தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல களகளவென்று வந்தது. அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

இருமல் வராமலேயே மூச்சுக்குழாய்க்குள் போவதும் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தால் ஸ்பூன் சோதனையோடு விடுவதில்லை. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுக்கிறார்கள். அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்க்கிறார்கள். அப்பத்தாவுக்கு எக்ஸ்ரே வீடியோ எடுத்தார்கள். தண்ணீர் வழிதவறியது, கெட்டியான கஞ்சி ஒழுங்காக இறங்கியது. அதிலிருந்து குடிப்பதெல்லாம் கெட்டியாகத்தான். கெட்டிக் காபியை முதன்முதலில் வாயில் வைத்தபோது அப்பத்தா அத்தையைப் பார்த்த பார்வை இருக்கிறதே! (இது அப்பத்தாவுக்குச் சொன்னது. எல்லோருக்கும் பொருந்தாது, பரிசோதிக்காமல் நீங்களே முயலாதீர்கள்.)

ஒருவருக்குத் திடீரென வாய் கோணி, பேச்சு குழறினால் நாம் முதலில் ஓடுவது தண்ணீர் சொம்புக்குத்தான். வேண்டாம். தண்ணீர், காபி, மாத்திரை எதையும் வாயில் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையிலும், "விழுங்குறதைப் பரிசோதிச்சுட்டீங்களா, வாய்வழியா கொடுக்கலாமா?" என்று கேட்ட பிறகே டம்ளரை எடுங்கள். நாங்கள் அதைக் கேட்கவில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு அடிக்கடி புரையேறுகிறதா? சாப்பிட்டதும் குரல் மாறுகிறதா? அவர்கள் சாப்பிடுவதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால், அன்றே போய்விடுங்கள்.