சந்தையை விழுங்கிய மேசைகள்

ரோம் நகரத்துக் காம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் காலை வேளையில் போய் நின்றால் வயிறு எரிகிறது. 1869இல் பியாட்சா நவோனாவிலிருந்து இங்கே மாற்றிய சந்தை இது. ஞாயிறு தவிர மற்ற நாள்களில் காலையில் கூடும், பிற்பகலில் கலையும். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காய்கறி வாங்கிய இடம். இன்று கடைகளுக்குக் குறைவில்லை, காய்கறிக்குத்தான் பஞ்சம்.

வரிசையாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கலர் கலராகச் சாயமேற்றிய பாஸ்தா பொட்டலம், எலுமிச்சை மதுக் குப்பி, கொலோசியம் படம் போட்ட காந்தம், ஸ்பகெட்டிக்கென்று எழுதி வைத்த மசாலாப் பொடி. அந்த ஊர்க் குடும்பத்துப் பெண் யாராவது இந்தப் பொடியை வாங்கிச் சமைப்பாரா? விமானம் ஏறப்போகிறவரை நம்பியே விரித்த கடைகள் இவை.

நடுவில் மிஞ்சியிருக்கும் காய்கறிக் கடையில் ஓர் அம்மா. சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு ஆர்ட்டிசோக்கைக் கைக்குள் சுழற்றிச் சுழற்றி முற்றல் இதழ்களைச் சீவித் தள்ளுகிறார். கறுக்காமல் இருக்க எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போடுகிறார். குளிர்காலமானால் புன்தரெல்லே கீரையின் தண்டை மெல்லிசாகக் கீறிக் குளிர்ந்த தண்ணீரில் போடுவார். இழைகள் சுருண்டுகொள்ளும், கசப்பும் குறையும். இந்தக் கைவேலையைப் படம் பிடிக்க அத்தனை பேர் முண்டியடிக்கிறார்கள். கால் கிலோ வாங்கத்தான் ஆளில்லை. படம் எடுத்தால் அந்த அம்மாவுக்குப் பிழைப்பு நடக்குமா?

பயணிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சுற்றியிருந்த குடியிருப்புகள் பலவும் நாள் வாடகைக்கு விடும் அறைகளாகிவிட்டன. குடியிருந்தவர்கள் தொலைவான பேட்டைகளுக்குப் போய்விட்டார்கள். இரண்டு இரவு தங்குகிறவருக்கு வெங்காயம் எதற்கு? வாங்குகிறவர் இல்லாத இடத்தில் விற்கிறவர் சரக்கை மாற்றத்தானே செய்வார்?

சரி, கொஞ்சம் உட்காரலாம் என்றால் சதுக்கத்தின் ஓரமெல்லாம் உணவக மேசைகள். கவுன்டரில் நின்று காபி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் அதைப்போல் சில மடங்கு. காசில்லாமல் உட்கார, தத்துவஞானி ஜியோர்தானோ புரூனோ சிலையின் படிதான் கதி. 1600இல் இதே சதுக்கத்தில் உயிரோடு எரிக்கப்பட்டவருக்கு 1889இல் எழுப்பிய சிலை அது. இரவானால் அங்கேயும் பீர் பாட்டில்கள். இதே நகரத்தில் பயணிகள் கூடும் ஸ்பானியப் படிகளிலோ 2019 முதல் உட்காரவே தடை. மீறினால் 400 யூரோ வரை அபராதம். சுமார் 2,500 தெருக்குழாய்களில் குடிதண்ணீரை இலவசமாக ஓடவிடும் நகரம், வயதானவர்கள் உட்கார நாலு பெஞ்சு கூடுதலாகப் போடக் கூடாதா?

நகராட்சி மனது வைத்தால் வழியுண்டு. காய், கனி, பூ விற்பவர்களுக்கு வாடகையைக் குறைக்கலாம். மேசைகளுக்கு எல்லை கட்டலாம். குடியிருப்புகளை விடுதியாக்குவதற்கு வரம்பு வைக்கலாம். இதில் எதுவும் ஆகாத காரியமில்லை.

நீங்கள் ரோமுக்குப் போனால் அந்தப் பொடிப் பொட்டலத்தை வாங்காதீர்கள். காலையிலேயே போய், காய்கறிக்காரரிடம் அந்தப் பருவத்துப் பழம் ஒரு கிலோ வாங்குங்கள். படத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.