எரிகின்ற விளக்கு சொல்லாதது

"விளக்குகள் யாவும் எரிகின்றன, ஆகவே இணைப்பில் குறைபாடு எதுவுமில்லை." தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகை நிறுவனமொன்றில் ஓர் இளைஞருக்கு எச்சரிக்கைக் கடிதம் வழங்கப்படுவதற்கு இந்த ஒரு வாக்கியமே போதுமானதாயிருந்தது. அதனை எழுதிக் கொடுத்தவர் மோடங்களைப் பராமரிக்க வந்த தொழில்நுட்பவியலாளர். மறுப்பின்றி ஏற்றுக்கொண்டவர்களுள் நானும் ஒருவன்.

எமது ஆசிரியபீடம் ஓரிடத்திலும் அச்சகம் இரண்டு கிலோமீற்றருக்கு அப்பாலும் இருந்தன. குத்தகைக்குப் பெற்ற இரு சோடிச் செப்புக் கம்பிகளும் இரு முனைகளிலும் இருந்த குறுந்தூர மோடங்களுமே இரண்டையும் இணைத்தன. எண்களைச் சுழற்றித் தொலைபேசி நிலையத்தினூடாகப் பேசும் மோடம் வேறு, இது வேறு. கணினியின் சமிக்ஞையைச் சாதாரண வடத்தில் 15 மீற்றருக்கு மேல் கொண்டு செல்லலாகாது என்பது அக்கால நியமம். அதனைச் சில கிலோமீற்றருக்கு நீட்டித் தருவதே குறுந்தூர மோடத்தின் வேலை. ஒரு சோடி அனுப்புவதற்கு, மறு சோடி பெறுவதற்கு.

மழைக்கால மாலைகளில் பக்கங்கள் அச்சகத்தைச் சென்றடையத் தாமதமாயின. ஒரு மெகாபைட் கோப்பு விநாடிக்கு 19,200 பிட் வேகத்தில் சுமார் ஒன்பது நிமிடங்களில் போய்ச்சேர வேண்டும். இருபத்தைந்து நிமிடங்கள் சென்றன. மலையகப் பதிப்பு இரவுத் தபால் புகையிரதத்தைத் தவறவிட்ட நாட்களும் உண்டு. பக்கங்களை அனுப்பும் பொறுப்பு அந்த இளைஞருடையது. "தம்பி பிந்தித்தான் அனுப்பத் தொடங்குகிறார்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையசைத்தோம்.

அந்தச் சிறு விளக்குகள் உண்மையில் எதனைச் சொல்கின்றன? டி.டி. என்ற விளக்கு மினுங்கினால், எமது கணினி மோடத்திற்குத் தரவைக் கொடுக்கிறது என்பதே பொருள். அது மறுமுனையை அடைந்ததா என்பது அவ்விளக்கிற்குத் தெரியாது. ஆர்.டி. மினுங்கினால், மறுமுனையிலிருந்து ஏதோ வந்துகொண்டிருக்கிறது. சி.டி. என்ற விளக்கே பலரையும் ஏமாற்றுவது. மறுமுனையின் சமிக்ஞை குறிப்பிட்ட ஒரு வலிமைக்கு மேல் எம்மை வந்தடைகிறது என்பதற்கு மேல் அது எதனையும் உறுதிசெய்வதில்லை. சமிக்ஞையோடு இரைச்சல் கலந்திருந்தாலும் அது எரியும். அனைத்துக்கும் மேலாக, எம் மேசையில் எரியும் சி.டி. விளக்கு அச்சகத்திலிருந்து எம்மை நோக்கி வரும் சோடியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எமது பக்கங்களோ மற்றைய சோடியில் சென்றுகொண்டிருந்தன! வந்தவர் அச்சகத்திற்குப் போகவேயில்லை.

கம்பியின் தரத்தை அறிவதற்கென்றே அம்மோடங்களில் சோதனை ஆளிகள் இருந்தன. முதலாவது, தன் முனையிலேயே சமிக்ஞையைத் திருப்பிப் பெறும் சோதனை. அதில் பிழை தோன்றினால் எமது மோடமே பழுது. கம்பியைக் குறைகூறிப் பயனில்லை. இரண்டாவது, மறுமுனை மோடம் தான் பெற்றதை அப்படியே திருப்பி அனுப்பும் சோதனை. இது இரு சோடிகளையும் ஒருசேரச் சோதிக்கும். ஆனால் பழுது எந்தத் திசையில் என்று பிரித்துச் சொல்லாது. அதனை அறிய இரு முனைகளிலும் ஆட்கள் நின்று, 511 பிட்கள் கொண்ட சோதனைக் கோலத்தை இரு பக்கமிருந்தும் ஒரே வேளையில் அனுப்ப வேண்டும். எந்த முனையில் பிழை விளக்கு மினுங்குகிறதோ, அந்த முனையை நோக்கி வரும் சோடியிலேயே பழுது.

இச்சோதனையை எப்பொழுது, எவ்வளவு நேரம் செய்கிறோம் என்பதும் முக்கியம். தொழில்நுட்பவியலாளர் இரண்டாவது முறை வந்தபோது திருப்பியனுப்பும் சோதனையைச் செய்தது உண்மைதான். காலை பதினொரு மணி, நல்ல வெயில், ஒரு நிமிடச் சோதனை. பழுதோ மாலை மழையில். மழைநீர் இறங்கிய கம்பி இணைப்பு, காய்ந்தபின் குற்றமற்றதாகிவிடும். பத்தாயிரம் பிட்களுக்கு ஒன்று பிழைத்தாலே போதும். 1,024 எழுத்துகள் கொண்ட தொகுதிகளாக அனுப்பும் முறையில் பாதிக்கு மேற்பட்ட தொகுதிகளைத் திரும்ப அனுப்ப வேண்டி வரும். மென்பொருள் அதனைச் சத்தமின்றிச் செய்துவிடுவதால், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது பிழையன்று, தாமதம் மட்டுமே. தாமதத்திற்கு ஆளைப் பிடிப்பது எளிது.

இதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லாத விடயம் வேறொன்று. அந்த ஆளிகளைத் தொடுவதற்கு இளைஞருக்கு அனுமதி இருக்கவில்லை. இணைப்பால் பாதிக்கப்படுபவர் கையில் சோதனை இல்லை. சோதனை செய்பவருக்குப் பாதிப்பு இல்லை. இப்போது வீடுகளில் உள்ள ஒளியிழைப் பெட்டியில் 'லொஸ்' என்ற விளக்கு சிவப்பாக மினுங்கினால் ஒளிச்சமிக்ஞை வந்துசேரவில்லை என்று பொருள். வாடிக்கையாளர் அதனைச் சொன்னாலும், "பெட்டியை அணைத்துப் போடுங்கள் ஐயா" என்ற பதில் வருவதை நான் அனுபவித்திருக்கிறேன். பார்த்தவரின் சாட்சியத்தைக் கேட்டு எழுதுவதே எமது தொழில். எமது கூடத்திற்குள் மட்டும் நாம் அதனைச் செய்யவில்லை. இளைஞர் ஒவ்வொரு மாலையும் அனுப்பத் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தார். மழை பெய்த நாட்களுக்குப் பக்கத்தில் சிறு கோடு. அக்கொப்பியை எவரும் விரித்துப் பார்க்கவில்லை.

கடிதம் வழங்கப்பட்ட பின்னரே, அவரது வற்புறுத்தலின் பேரில், மழை பெய்த ஒரு மாலையில் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் சோதனை நடந்தது. எமது முனையில் பிழை விளக்கு அணைந்தே இருந்தது. அச்சகத்தில் நின்றவர் தொலைபேசியில், "இங்கே நிற்காமல் மினுங்குது" என்றார். வீதியோர இணைப்புப் பெட்டியொன்றில் ஈரம் புகுந்திருந்ததாகப் பின்னர் தெரியவந்தது. பெட்டியைத் திருத்தினார்கள். பக்கங்கள் நேரத்திற்குச் சென்றன. எச்சரிக்கைக் கடிதத்தை மீளப்பெறுமாறு நான் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் வேலையை விட்டுச் சென்றபோதும் அக்கடிதம் அவரது கோப்பில் இருந்தது.