நரம்புறவும் செவிப்பழக்கமும்

யாழ் நரம்புகள் தம்முள் கொள்ளும் உறவை இணை, கிளை, பகை, நட்பு என நால்வகையாய்ப் பகுத்தனர் நம் இசைநூலார். இப்பெயர்களை ஊன்றி நோக்குக. தனித்து நிற்கும் நரம்பு இனியதுமன்று, இன்னாததுமன்று. பிறிதொன்றோடு சேர்ந்தவழியே நட்பென்றும் பகையென்றும் பெயர் பெறும். அங்ஙனமாயின், அவ்வுறவை முடிவுசெய்வது ஒலியா, செவியா, மூளையா?

முதற்கண் இயற்கையின் பங்கைக் காண்போம். குரல் நொடிக்கு 240 அதிர்வாயின் உழை 320, இளி 360, மேற்குரல் 480 ஆகும். உட்செவியில் நத்தையோடு போற் சுருண்ட குழலினுள் மெல்லிய சவ்வொன்றுண்டு. உயர்ந்த ஒலி அதன் வாயிலருகும், தாழ்ந்த ஒலி அதன் கோடியிலும் மிகுதியாய் அசைவை எழுப்பும். 240 அதிர்வுடைய குரலும் 270 அதிர்வுடைய துத்தமும் ஒருங்கே ஒலிப்பின், அவை அச்சவ்வின் அடுத்தடுத்த இடங்களைத் தாக்கி ஒன்றோடொன்று மோதும். ஒலி நொடிக்கு 30 முறை ஏறியிறங்கிக் கரகரக்கும். குரலும் இளியும் சேர்கையிலோ அவற்றின் மேலொலிகள் பல ஒன்றன்மேலொன்று பொருந்துதலின் அம்மோதல் குறையும். இன்னாவோசைக்கு இக்கரகரப்பே கரணியமென 1863-இல் நூல் வெளியிட்டு வாதிட்டார் செருமானிய அறிஞர் எல்ம்கோல்ட்சு.

ஆயின் இதனோடு வழக்கு முடிந்துவிடவில்லை. தென்னமெரிக்கப் பொலிவிய நாட்டின் காட்டுப்புறத்தே சிமானே என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். பல குரல்களை வெவ்வேறு நிலையில் இணைத்துப் பாடும் வழக்கம் அவர்க்கில்லை. மேலையிசை நட்பென்றும் பகையென்றும் பிரிக்கும் ஒலிச்சேர்க்கைகளை மெக்டெர்மட் முதலான ஆய்வாளர் அவர்க்கு ஒலித்துக் காட்டினர். இரண்டனையும் அவர்கள் ஒப்ப இனியனவாகவே மதிப்பிட்டனர். கரகரப்பை மட்டும் அவரும் விரும்பவில்லை. இது 2016-இல் வெளிவந்த முடிவு. மிக உயர்ந்த ஒலியைத் தம் மிடற்றுக்கேற்பப் பாடிக் காட்டுக என்றபோது, அமெரிக்கர் இருமடங்குறவு காத்துப் பாட, சிமானேயர் அவ்வுறவைப் பொருட்படுத்தவில்லை என்பது 2019-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு.

ஆகலின் கரகரப்பை வெறுத்தல் செவியின் இயல்பென்றும், இன்னது இனிதென்னும் தீர்ப்பில் பெரும்பங்கு வளர்ப்பினதென்றும் கொள்க. கிளை பிறப்பால் வருவது. நட்போ பழக்கத்தால் வருவது.

இவ்வுண்மையால் இரண்டு பிழைக்கொள்கைகள் வீழ்கின்றன. நம் பண்களே மாந்தர் அனைவர்க்கும் இயற்கையில் இனியன என்னும் நம்மவர் தற்பெருமை ஒன்று. தமிழ்ப்பாட்டு இசைச்செவிக்கு ஏலாது என 1940-களில் தமிழிசை இயக்கத்தை எதிர்த்தோர் கூறிய மறுப்பு மற்றொன்று. பழகாத செவியின் குறையைப் பாட்டின்மேல் ஏற்றினர் அவர்.

இன்று நம் சிறுவர் செவியைப் பழக்குவது எது? பெரும்பாலும் மின்விசைப்பலகையே. பன்னிரண்டு ஒத்த கூறாய்ப் பகுத்த அதன் அளவில், 300 அதிர்வில் நிற்கற்பால வன்கைக்கிளை 302-ஐயும் கடந்து நிற்கிறது. அதனையே நாளும் கேட்டு வளரும் பிள்ளைக்கு அதுவே நேரிதாய்த் தோன்றுமன்றோ?

பெருமை பேசுதலால் பண் வாழாது. பெற்றோரும் ஆசிரியரும் நாடோறும் அரை நாழிகையேனும் பிள்ளைகளைப் பண்ணோடு பாடுவிக்க வேண்டும். வாய்ப்பாட்டும் குழலும் யாழும் அவர் செவிக்கு முந்துக. மூளை இளமையிற் பழகியதையே முதுமையிலும் உறவென்று நாடும்.