திமிங்கிலத்தின் பாட்டும் ஒரு தலைப்பும்

2025 பிப்ரவரியில் ‘சயன்ஸ்’ இதழில் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. அதன் சுருக்கத்தைத் தமிழாக்கும் பணி என்பால் வந்தபோது, முதற்படியில் ‘திமிங்கிலங்களும் மொழி பேசுகின்றன’ என்று தலைப்பிட்டேன். தலைப்பு கவர்ச்சியாக இருந்தது, பிழையாகவும் இருந்தது. மூலத்தின் ஆசிரியர்கள் ‘மொழியை ஒத்த புள்ளியியல் அமைப்பு’ என்றே எழுதியிருந்தனர். ‘ஒத்த’ என்பதையும் ‘புள்ளியியல்’ என்பதையும் நான் விழுங்கிவிட்டேன். மறுநாள் அத்தலைப்பை அடித்துவிட்டேன் என்றாலும், அதே பிழை வகுப்பறைக்குள்ளும் எளிதில் நுழைந்துவிடும் என்னும் அச்சத்தால் இதனை எழுதுகிறேன்.

இவ்வாராய்ச்சியின் தொடக்கம் பெர்முடாத் தீவருகே கடலடியில் இடப்பட்ட ஒலிவாங்கிகளில் உள்ளது. ஃபிராங்க் வாட்லிங்டன் என்னும் பொறியாளர் அங்கே பதிவு செய்து வைத்திருந்த ஒலிகளை, உயிரியலாளர் ரோஜர் பெய்னும் ஸ்காட் மக்வேயும் ஆராய்ந்து 1971-ல் முடிவுகளை வெளியிட்டனர். காதால் கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காலத்தோடு பொருத்திக் காட்டும் வரைபடங்களாக மாற்றி, அவற்றைக் கண்ணாலும் ஒப்பிட்டனர். மனம் போனவாறு எழுப்பும் ஓலம் போலத் தோன்றியது, 7 நிமிடம் முதல் 30 நிமிடம் வரை நீளும் ஓர் ஒழுங்கான வரிசை என்பதும், முடிந்தவுடன் அது மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது என்பதும் அப்போது புலப்பட்டன. விட்டு விட்டு எழும் தனித்தனி ஒலிகள் அலகுகள். அலகுகள் சேர்ந்து தொடராகின்றன. ஒரே தொடர் பன்முறை வந்து ஒரு பகுதியாகிறது. பகுதிகள் மாறா வரிசையில் நின்று பாட்டாகின்றன. இன்றும் ஆராய்ச்சியாளர் முதலிற் செய்வது இதுவே: பதிவைக் கேட்டு, வரைபடத்தை நோக்கி, ஒவ்வோர் அலகுக்கும் ஒரு பெயரிட்டு எழுதுவது. கணிப்பொறி துணை நிற்கிறது. எனினும் பழகிய காதுக்கு வேலை ஒழிந்தபாடில்லை.

பாடுவன ஆண் திமிங்கிலங்களே. ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவை ஒரு பருவத்தில் ஏறக்குறைய ஒரே பாட்டைப் பாடுகின்றன. அப்பாட்டு ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக மாறுகிறது; சில வேளை அடியோடு மாறிவிடுகிறது. 1996-ல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் இரண்டே திமிங்கிலங்கள் முற்றும் வேறான பாட்டொன்றைப் பாடக் கேட்டனர். அது மேற்குக் கரைக் கூட்டத்தின் பாட்டு. 1998-க்குள் கிழக்குக் கரையில் பழைய பாட்டே கேட்கவில்லை. எல்லாம் புதிய பாட்டுக்கு மாறிவிட்டன! இவ்வாறான பாட்டுகள் பின்னர்ப் பசிபிக் கடலில் தீவுக்குத் தீவு கிழக்கு நோக்கிப் பரவிப் பிரெஞ்சுப் பாலினீசியா வரை சென்றதை 2011-ல் எல்லன் கார்லண்டு குழுவினர் காட்டினர். பகுதிகள் மிகுந்த நீண்ட பாட்டுகளில், நம் செய்யுளின் இயைபு போல, ஒத்த முடிவுகள் வருவதை 1988-ல் கேட்டி பெய்னும் அவருடன் ஆராய்ந்தவரும் எடுத்துக்காட்டினர். நினைவில் இருத்துவதற்கு அவை துணையாகலாம் என்பது அவர்கள் கருத்து.

இனி 2025-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வருவோம். பேச்சில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை; குழந்தை எவ்வாறு சொல்லைப் பிரித்தறிகிறது? ‘அம்மாவந்தாள், அம்மாபோனாள், அம்மாசிரித்தாள்’ என்று கேட்டுவரும் குழந்தை, ‘அம்’ என்பதன் பின் ‘மா’ வருமென எதிர்பார்க்கக் கற்கிறது. ‘மா’வின் பின் வருவதை அவ்வாறு எதிர்பார்க்க இயலாது. எதிர்பார்ப்புத் தளரும் இடமே சொல்லின் எல்லை. எட்டு மாதக் குழந்தைகளுக்கு இத்திறன் உண்டென்பது 1996-ல் ஓர் ஆய்வால் நிறுவப்பட்டது. இதே முறையைத்தான் இன்பால் ஆர்னன், சைமன் கிர்பி, கார்லண்டு ஆகியோரடங்கிய குழு, நியூ கலிடோனியாவில் எட்டு ஆண்டுகள் பதிவான பாட்டுகளின்மீது செலுத்தியது. ஏட்டுச் சுவடியைப் பதிப்பித்தவர் பொருளுணர்ந்து சொற்பிரித்தார். இவர்களுக்கு அந்த உதவி இல்லை என்பதை நினைவிற்கொள்க.

அவ்வாறு பிரிந்த துண்டுகளை எண்ணியபோது, மனித மொழிகளிற் காணும் ஓர் ஒழுங்கு தென்பட்டது. எந்தத் தமிழ் நூலை எடுத்தாலும் ‘ஒரு’, ‘என்று’ போன்ற சில சொற்கள் பக்கந்தோறும் வரும். பெரும்பாலான சொற்கள் அரிதாகவே வரும். முதலிடச் சொல்லைப் போல் இரண்டாமிடச் சொல் ஏறக்குறையப் பாதியளவும், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கும் வரும் என்னும் இவ்வொழுங்கு, அமெரிக்க அறிஞர் சிப்ஃபின் பெயரால் வழங்குகிறது. ஆனால் நகரங்களின் மக்கள் தொகையிலும் இதனை ஒத்த ஒழுங்கு உண்டு, நகரங்கள் பேசுவதில்லை. பாட்டின் துண்டு எதற்கும் பொருள் கண்டதாக அக்குழுவினர் கூறவில்லை. கற்றுக் கற்று வழிவழியாகக் கைமாறும் ஒலிவரிசை, கற்பதற்கு எளிதான வடிவத்தை அடைகிறது என்பதே அவர்கள் கூற வந்தது. என் நோக்கில் அது ‘திமிங்கிலம் பேசுகிறது’ என்பதினும் பெரிய செய்தி.

சற்று மிகைப்படுத்தினால் என்ன, மக்களுக்கு உயிரினத்தின்மீது அன்பு பிறக்குமே என்று நண்பரொருவர் என்னிடம் வாதாடினார். 1970-ல் இப்பாட்டுகள் இசைத்தட்டாக வெளிவந்தபோது யாரும் மொழியென்று விளம்பரம் செய்யவில்லை, பாட்டென்றே விற்றார்கள். அதுவே பல நாட்டு மக்களின் மனத்தைத் திருப்பிற்று. 1982-ல் அனைத்துலகத் திமிங்கில வேட்டை ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த முடிவு செய்ததற்கு இம்மனமாற்றமும் ஒரு காரணம். மொழியென்று கூறிக் காக்கச் சொன்னால், மொழியன்று எனத் தெளிவாகும் நாளில் காக்கவேண்டாம் என்றாகிவிடும்.

பொருள் தெரியாத பாட்டும் களப்பணிக்கு உதவுகிறது. அரபிக்கடலின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஏனைய கூட்டங்களைப் போல் துருவக் கடலுக்கு வலசை போவதில்லை. எண்ணிக்கையிலும் மிகச் சில. கண்ணுக்கு எளிதில் அகப்படாத இவற்றின் பாட்டைச் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் நம் தென்மேற்குக் கடலில் பதிவு செய்துள்ளனர். பாட்டின் அமைப்பை ஒப்பிட்டே, பாடியது எக்கூட்டம் என்று ஆராயலாம்.

கலைச்சொல் பற்றியும் ஒரு வார்த்தை. பல்லவி, சரணம் என்று எழுதலாமே எனச் சிலர் கேட்டனர். பல்லவி இடையிடையே திரும்ப வருவது. திமிங்கிலப் பாட்டில் அத்தகைய உறுப்பு இல்லை. ‘பகுதி’ என்று மேலே எழுதியதற்கு முதலில் ‘கருப்பொருள்’ என்றுதான் எழுதினேன். அதனுள் ‘பொருள்’ ஒளிந்திருப்பதைக் கண்டு நீக்கினேன். ‘பகுதி’ சற்று வறண்ட சொல்தான். இதனினும் நல்ல சொல் அறிந்த ஆசிரியர்கள் இவ்விதழுக்கு எழுதுவார்களாயின் அடுத்த பட்டியலிற் சேர்த்துக்கொள்ளலாம்.