தொட்டி மீனின் வயிற்றில் புழு



பிள்ளைகள் ஆசையோடு வளர்க்கும் கப்பி மீன், இரை தின்றும் நாளுக்கு நாள் மெலிகிறது. வயிறு மட்டும் உப்புகிறது. உற்று நோக்கினால் மலவாயிலிருந்து சிவந்த நூலிழை போன்றவை இரண்டு மூன்று நீட்டிக்கொண்டிருக்கின்றன. குடல் சரிந்துவிட்டது என்று வீட்டார் எண்ணுவர். அது குடலன்று, காமல்லானஸ் என்னும் உருளைப்புழு. அதைப் பிடித்து இழுக்கவே கூடாது, குடல் கிழிந்துவிடும்.

இப்புழு குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சி வாழ்வது. பெண்புழு முட்டையிடாது, உயிருள்ள இளம்புழுக்களையே நீரில் விடுகிறது. அவற்றைச் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீருயிர் உண்ண, அதனை மீன் உண்ண, நோய் தொடர்கிறது. நம் முன்னோரை வாட்டிய நரம்புச் சிலந்திப் புழுவையும் மனிதருக்குள் கொண்டுசென்றது இந்தச் சைக்ளாப்ஸ்தான். குடிநீரைத் துணியால் வடிகட்டச் செய்தும் அச்சங்கிலியை அறுத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயினின்று விடுபட்ட நாடாக அறிவிக்கப்பட்டது. மீன் தொட்டியிலோ இப்புழு சைக்ளாப்ஸின் துணையின்றியும் மீனுக்கு மீன் பரவக்கூடும். ஆகவே, ஒரு மீனில் கண்டால் தொட்டி முழுமைக்கும் மருந்திட வேண்டும்.

இதற்குரிய மருந்து லெவமிசோல். அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். தொட்டியில் 40 லிட்டர் நீர் இருந்தால் 80 மில்லிகிராம் போதும். மாத்திரை 150 மில்லிகிராம் ஆனால், அதைப் பொடித்து 150 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, 80 மில்லிலிட்டர் அளந்து ஊற்றலாம். மருந்து புழுவைச் செயலிழக்கச் செய்யும். பிடி தளர்ந்து அது வெளியேறும். எனவே 24 மணி நேரம் கழித்து, அடியில் கிடக்கும் கழிவைக் குழாய்கொண்டு உறிஞ்சியெடுத்து, பெரும்பகுதி நீரை மாற்ற வேண்டும். இதைச் செய்யாவிடில் மருந்திட்டும் பயனில்லை. இரண்டு அல்லது மூன்று வாரங்களில் மறுமுறை மருந்திடுவது அவசியம். முதல் முறையில் தப்பிய இளம்புழுக்கள் அதற்குள் வளர்ந்திருக்கும். மருந்தைக் கால்நடை மருத்துவரைக் கேட்டே வாங்குங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

எல்லா வயிற்று நோய்க்கும் இதுவே மருந்தன்று. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டல் வேண்டும். ஏஞ்சல் மீன்களின் குடலில் பெருகும் கசையிழை நுண்ணுயிர்களுக்கு மெட்ரோனிடசோலை இரையில் கலந்து கொடுப்பர். நோயை அறியாமல் ஒன்றன்பின் ஒன்றாக மருந்தை ஊற்றுவது மீனை மேலும் வாட்டுவதாகும்.

வருமுன் காப்பது எளிது. புதிதாக வாங்கிய மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். குளத்தில் அள்ளிய உயிருள்ள இரையைத் தவிர்த்திடுங்கள். ஒரே வலையைப் பல தொட்டிகளில் இடாதீர்கள். நோயுற்ற மீனையோ தொட்டி நீரையோ ஏரி குளங்களில் விடாதீர்கள். அங்குள்ள மீன்களுக்கு அது தீங்கு.

"சில ரூபாய் மீன்தானே, செத்தால் வேறு வாங்கலாம்" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. பிள்ளை அச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மறவாதீர்கள். தன்னை நம்பி வாழும் உயிர் நோயுற்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை அது அந்தத் தொட்டியருகில்தான் முதன்முதலாகக் கற்கிறது. மருந்தை அளக்கும்போது பிள்ளையையும் அருகில் அழைத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.