ஒரு மணி நேரத் தூரம்

அட்டனில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி சென்ற வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "கொழும்பிலிருந்து அட்டனுக்கு வருவதைவிடத் திருச்சிக்கு விரைவாகப் போய்விடலாமாமே, மெய்தானா?"

மெய்தான். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 420 கிலோமீற்றர். விமானப் பயணம் சுமார் ஒரு மணி நேரம். கொழும்புக் கோட்டையிலிருந்து அட்டனுக்கு இருப்புப்பாதைத் தூரம் 173 கிலோமீற்றர்தான். ஆயினும், மண்சரிவு குறுக்கிடாத நாட்களிலும் புகையிரதத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆவது வழக்கம். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறவேண்டுமன்றோ!

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது பள்ளிக் கணக்கு. மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் 420 கிலோமீற்றரைக் கடக்க அரை மணியே போதும். ஆனால் விமானம் ஓடுபாதையை அடைந்து, எழும்பி, உயர்ந்து, மீண்டும் தாழ்ந்து இறங்கவேண்டும். குறுகிய பயணத்தில் முழு வேகத்தோடு பறக்கும் நேரம் சொற்பமே.

இதே வழியை நம் முன்னோர் எவ்வாறு கடந்தனர்? கோப்பிக் காலத்தில் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டு வழியே மாத்தளைக்குப் பல நாள் நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அட்டனுக்கு இருப்புப்பாதை வந்தது 1884இல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல். அதன்பின் புகையிரதம், கப்பல், மீண்டும் புகையிரதம் எனப் பயணம் எளிதாயிற்று. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர், இராமேசுவரத்திலிருந்து கப்பல் சென்றது.

அதே 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. ஒரு குடும்பத்திலேயே அக்காள் இக்கரையிலும் தங்கை அக்கரையிலுமாகப் பிரிந்தனர். அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிகளுக்கு மலைநாட்டார் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'.

மாணவியின் கேள்விக்கு மூலம் இதுவேதான். அவளுடைய பாட்டி 1970களில் அட்டன் நிலையத்தில் தன் தங்கையை வழியனுப்பினாள். தங்கை இப்போது நீலகிரியில், கூடலூர்ப் பக்கம் இருக்கிறாள். அன்று பிரிந்தவர்கள் இன்றுவரை சந்திக்கவில்லை.

ஆகவே, மாணவிக்கு முழுக் கணக்கையும் சொன்னேன். அட்டனிலிருந்து மலையிறங்கக் கால் நாள். ஆகாயத்தில் ஒரு மணி. திருச்சியிலிருந்து மீண்டும் மலையேற ஒரு பகல். எல்லாம் சேர்ந்து இரண்டு நாளுக்குள் அடங்கிவிடும். கடவுச்சீட்டும் விசாவும் பெறுவதற்கே நாட்கள் வேண்டும். தோட்டத்திற் பிறந்த முதியவருக்குப் பிறப்புச் சான்றிதழைத் தேடியெடுப்பது அதனினும் கடினமாகலாம். அதனை இன்றே தொடங்கு என்றேன்.

அரை நூற்றாண்டாகக் கடக்கப்படாமல் கிடப்பது இந்த இரண்டு நாள் தூரந்தான். விமானம் நாளையும் பறக்கும். பாட்டிமார் இருவருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.