விலைப்புள்ளியில் நான் அடித்த வரி

தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே நிற்கின்றன. காலை எட்டு மணிக்கு முன்பே தோளில் முக்காலியும் கையில் கனத்த பெட்டியுமாக இறங்குவோரைக் காணலாம். திருமணப் படப்பிடிப்பாளர், மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர், நில அளவையர் எனப் பலர். அந்தப் பெட்டிகளின் வெளிப்புறத்தை நான் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். உள்ளே கருவியின் வடிவத்துக்கேற்ப வெட்டிப் பொருத்திய நுரைப்பஞ்சு ஒன்று உண்டென்பதையும், அதற்கும் நம் கடன் கணக்குக்கும் தொடர்பு உண்டென்பதையும் ஒரு வாடிக்கையாளருக்கு நட்டம் நேர்ந்த பிறகே உணர்ந்தேன்.

கேரள அரசு 2022 நவம்பரில் டிஜிட்டல் மறு நில அளவையைத் தொடங்கிய பின், அளவைக் கருவி வாங்கக் கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வருவோர் கூடினர். அவர்களுள் ஒருவர் மார்த்தாண்டத்திலிருந்து வந்து இங்கே தொழில் செய்யும் இளைஞர். தொலைவையும் கோணத்தையும் ஒருங்கே அளக்கும் ‘டோட்டல் ஸ்டேஷன்’ ஒன்றை, பயன்படுத்திப் புதுப்பித்த நிலையில் வாங்க விரும்பினார். அவர் கொணர்ந்த விலைப்புள்ளியின் ஏழாவது வரியில், ‘கெட்டிப் பெட்டி, அளவுக்கு வெட்டிய ஃபோம் பொதிவு: ரூ.16,500’ என்றிருந்தது. துணைப்பொருள் என்று கருதி அதை நான் அடித்துவிட்டேன். “பழைய பெட்டியின் கீல் உடைந்திருக்கிறது, சார்” என்றார். “வேறொரு பெட்டி வாங்கி, உள்ளே பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கடன் கேட்டு வந்தவர் எப்படி மறுப்பார்?

இத்தகைய வரிகளை அடிப்பதற்கு எங்களுக்கும் காரணம் உண்டு. கடன் தொகையைப் பெருக்குவதற்காகவே வேண்டாத துணைப்பொருள்களைச் சேர்க்கும் விற்பனையாளர்களை நாங்கள் அறிவோம். ஆனால் எது வேண்டாதது என்று தீர்மானிக்க அந்தத் தொழிலைச் சற்றேனும் அறிந்திருக்க வேண்டும். நான் அறிந்திருக்கவில்லை.

அவர் தலையணைப் பஞ்சை அடைத்த பெட்டியில் கருவியை வைத்து ஓராண்டு பேருந்தில் சுமந்தார். பின்னர் அளவுத்திருத்தத்துக்காகச் சென்னைக்குப் பார்சலில் அனுப்பினார். போய்ச் சேர்ந்தபோது கருவியின் அச்சு பிசகியிருந்தது. ஒரு கலை அளவு கோணப் பிழை நூறு மீட்டரில் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டராகவும், ஒரு கிலோமீட்டரில் 29 சென்டிமீட்டராகவும் விரியும். சென்ட் கணக்கில் நிலம் விற்கும் ஊரில், அடுத்தடுத்த வீட்டாரை நீதிமன்றத்துக்கு அனுப்ப மூன்று சென்டிமீட்டர் போதும்.

போக்குவரத்துக் காப்பீடு எடுத்திருந்தார். ஆயினும் இழப்பீடு கிடைக்கவில்லை. சரக்குக் காப்பீட்டு விதிகளில், பொதிவு போதாமையாலோ பொருத்தமின்மையாலோ நேரும் சேதம் விலக்கப்பட்டிருக்கும். பாலிசியின் முதல் பக்கத்தில் தொகையைப் பார்த்து மகிழ்பவர்கள் அந்த விலக்குப் பகுதி வரை செல்வதில்லை. மதிப்பீட்டாளர் எடுத்த படத்தில் பஞ்சு அப்பளமாய் அழுந்தியிருந்தது. கருவியின் அடிப்பகுதி பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை எதிர்த்து வாதாட எங்களிடம் எதுவுமில்லை. மாதத் தவணை மட்டும் தவறாமல் ஐந்தாம் தேதி வந்தது.

அளவைக் கருவிக்கு நேர்ந்த இத்தகைய விபத்து தமிழ்நாட்டில் ஏற்கெனவே வரலாறாகியிருக்கிறது. வில்லியம் லாம்டன் தென்னிந்தியாவை முக்கோண அளவை செய்தபோது, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் ஒன்றைப் பயன்படுத்தினார். இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் அதைப் பிரெஞ்சுக் கப்பல் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுபோயிற்று. பிரெஞ்சுக்காரர்களே பின்னர் மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். போரையும் கடலையும் தாண்டி வந்த அக்கருவி 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோவிலில் அடிபட்டது. பெட்டியோடு மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதியது. மோதலின் வேகம் முழுவதையும் நுண்திருகும் அதன் பிடியும் தாங்க நேர்ந்ததால், பெரிய பித்தளை வட்டம் உருக்குலைந்தது. பெட்டியில் இடைவெளி மிகக் குறைந்திருந்த பக்கத்தில் அந்தத் திருகு அமையுமாறு வைத்ததே தவறு என்று லாம்டனுக்குப் பின் அப்பணியை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் எழுதினார். லாம்டன் கூடாரத்துக்குள் தலைமைக் கைவினைஞர்களுடன் அடைந்துகொண்டு, பலகையில் அதே அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து ஆறு வாரத்தில் சீர்செய்தார். நம் அளவையருக்கு அந்த ஆறு வாரமும் வருமானமில்லாத வாரங்களாக இருந்திருக்கும்.

எவரெஸ்ட் சுட்டிய அதே குறையை, அவர் பெயரைக் கேட்டிராத ஒருவர் எனக்கு விளக்கினார். சாலைக் கடைத்தெருவில் சோபாவுக்குப் பஞ்சு வெட்டும் முதியவர் அவர். இளைஞரையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மாலை அவரிடம் போனேன். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், முதலில் புடைத்து நிற்கும் திருகுகளைத்தான் தொட்டுக் காட்டினார். உடல் பகுதி பஞ்சில் இறுக்கமாக அமர வேண்டும். திருகுகள் எதன்மீதும் படாமல் வெற்றிடத்தில் நிற்க வேண்டும் என்றார். காகிதத்தில் கருவியின் உருவை வரைந்து, கோட்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே வெட்டினார். அப்போதுதான் பஞ்சு கருவியைப் பற்றிக்கொள்ளும். நீண்ட மெல்லிய கத்தி. ஒரே அழுத்தில் வெட்டாமல் பல இழுப்பில் இறங்கினார். ஒரே அழுத்தில் வெட்டினால் அடிப்பக்கம் உள்வாங்கி, குழி சாய்ந்துவிடுமாம். எடுக்கும்போது விரல் நுழைய இருபுறமும் அரைவட்டக் குழி. பேட்டரிக்கும் பிரிசத்துக்கும் தனிக்குழிகள், நடுவே இரண்டு விரல் கனத்துக்குத் தடுப்பு. அடியில் வெட்டாத ஒரு தட்டு, மூடியில் மேடுபள்ளமான ஒரு தட்டு.

பஞ்சின் வகையும் கவனிக்கத் தக்கது. மெத்தையில் உள்ள பாலியூரித்தேன் நுரை திறந்த கண்ணறைகள் கொண்டது, நீரை உறிஞ்சும். அதில் சில வகைகள் நம் கடற்கரை ஈரத்தில் சில ஆண்டுகளிலேயே பிசுபிசுத்து உதிரும். பரணில் கிடந்த பழைய கேமராப் பெட்டியைத் திறந்தவர்களுக்கு இது தெரியும். மூடிய கண்ணறைகள் கொண்ட பாலியெத்திலீன் நுரை நீரை ஏற்காது. ஒரு மணி நேரப் பெருமழைக்கே நீர் தேங்குவதால் 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற வடிகால் சீரமைப்பைக் கண்ட தம்பானூரில் தொழில் செய்பவருக்கு, இந்த வேறுபாடு சிறியதன்று. கெட்டியாக இருந்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம். மிக மென்மையான பஞ்சு அழுந்திக் கருவியை அடித்தளத்தில் மோதவிடும். மிகக் கடினமானது அடியை அப்படியே உள்ளே கடத்தும். கருவியின் எடைக்கும் அது அமரும் பரப்புக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புவோர் பாலியூரித்தேனைச் சூட்டுக் கம்பியால் வெட்டாதிருக்கட்டும். அதன் புகை நச்சு.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் என் வாதம் இது. ஒரு சொத்தை அதற்குரிய இடத்துக்குக் கொண்டுவந்து பயன்பாட்டுக்கு ஏற்ற நிலையில் வைக்க நேரடியாக ஆகும் செலவு, சொத்தின் அடக்கவிலையிலேயே சேரும் என்கிறது கணக்கியல் தரநிலை 10. நாள்தோறும் வேறு வேறு ஊருக்குச் சுமந்து செல்லும் கருவிக்குப் ‘பயன்பாட்டுக்கு ஏற்ற நிலை’ என்பது எது? பொதிவில்லாத டோட்டல் ஸ்டேஷன், சக்கரமில்லாத வண்டிக்குச் சமம் என்றே நான் இப்போது கருதுகிறேன். மேலும், முத்ரா போன்ற கடன்களில் வாடிக்கையாளரிடம் வேறு பிணையம் கேட்பதில்லை. வாங்கிய கருவியே வங்கிக்கு ஈடு. அந்த ஈட்டைக் காக்கும் பதினாறாயிரத்தை மிச்சப்படுத்திவிட்டு, நாலரை இலட்சத்தைத் தலையணைப் பஞ்சின்மேல் வைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

ஆகவே கருவிக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் பெட்டியையும் பொதிவையும் விலைப்புள்ளியில் தனி வரியாகவே காட்டும்படி விற்பனையாளரிடம் கேளுங்கள். பஞ்சின் வகையையும் எழுதச் சொல்லுங்கள். வெட்டி முடித்த பொதிவில் கருவி அமர்ந்திருப்பதைப் படமெடுத்துப் பாலிசியுடன் வைத்திருங்கள். அந்தப் படம் மதிப்பீட்டாளரின் படத்துக்கு முன் எடுத்ததாக இருக்கட்டும். எங்களைப் போன்ற அதிகாரி அந்த வரியை அடிக்க முற்பட்டால், என் வாடிக்கையாளரைப் போல் மௌனமாக இராமல், காரணம் கேளுங்கள். விமானத்தில் செல்வோருக்கு இன்னொரு குறிப்பு: உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதியில்லை; கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். அவற்றுக்கான குழியைத் தனியே எடுக்கக்கூடிய சிறு பெட்டியில் அமைத்துக்கொள்வது நல்லது.

அளவையரின் பழுதுச் செலவுக்குக் கூடுதல் கடன் வழங்கினோம். அதனால் அவருடைய தவணைக் காலம் பதினான்கு மாதம் நீண்டிருக்கிறது. சாலைக் கடைத்தெருப் பெரியவர் பொதிவின் அடித்தட்டை மஞ்சள் நிறத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார். வேலை முடிந்து பெட்டியை மூடும்போது எங்கேனும் மஞ்சள் தெரிந்தால், ஏதோ ஒரு பொருள் வயலிலேயே கிடக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். சென்ற வாரம் கிளைக்கு வந்தவர் பெட்டியைத் திறந்து காட்டினார். மஞ்சள் எங்கும் தெரியவில்லை. தவணையைக் கட்டிவிட்டு, நெய்யாற்றின்கரைப் பேருந்தைப் பிடிக்க விரைந்தார்.